அகலிகை அறிந்தாளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் இருக்கும் என் சித்தி வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். நாற்பது நிமிடம் நீளும் அந்தப் பேச்சின் தலைப்பில் அகலிகையின் பெயரும் ‘மறைக்கப்பட்ட உண்மை’ என்ற சொற்களும் இருந்தன. நான் காய் நறுக்கியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது பேச்சு முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் அவள். பேனாவை மூடி வைத்துவிட்டு, “அப்போ பாட்டி சொன்னது பொய்யாம்மா?” என்று கேட்டாள்.

பாட்டி என்று அவள் சொன்னது மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான என் அம்மாவை. அம்மா சொன்ன அகலிகை கதை எளிமையானது. விடியும் முன்னரே சேவலைப்போல் கூவி முனிவரை ஆற்றுக்கு அனுப்பிவிட்டு, அவர் உருவத்திலேயே இந்திரன் குடிசைக்கு வந்தான். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வந்த கணவர் சினத்தில் கல்லாகப் போகும்படி சபித்தார். ராமனின் கால் தூசி பட்டதும் அவள் எழுந்து நின்றாள். ‘பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்ற இடத்தில் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். எனக்குச் சொன்னபோதும் அப்படித்தான், என் மகளுக்குச் சொன்னபோதும் அப்படித்தான்.

ஒலிப்பதிவில் பேசியவரின் வாதம் இதற்கு நேர் எதிரானது. வால்மீகியின் மூலத்தில் அகலிகை வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைந்தாள். ஒரு பெண்ணுக்கு அப்படியொரு விருப்பம் இருந்ததைத் தாங்கிக்கொள்ள முடியாத பிற்காலக் கவிஞர்கள், குறிப்பாகத் தமிழ்க் கவிஞர்கள், அதை மறைத்து அவளை ஏமாந்தவளாக்கினார்கள். அவள் வாய் திறக்காமலிருக்கவே கல்லாகவும் ஆக்கினார்கள். ஆயிரம் ஆண்டுகளாக நம்மிடம் பொய் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பேச்சின் சாரம் இவ்வளவே. குரலில் உண்மையான கோபம் இருந்தது, அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மகளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து மேசைமேல் அடுக்கினேன். ஒரு வாரம் அவை அங்கேயே கிடந்தன.

பேச்சாளர் சொன்னதன் முதற்பகுதி சரியானது. வால்மீகியின் பால காண்டத்தில் 48ஆம் சருக்கம், முனிவேடத்தில் வந்திருப்பவன் ஆயிரங்கண்ணனே என்று அவள் அறிந்திருந்தாள் என்றும், தேவராசன்மீது எழுந்த ஆர்வத்தால் இசைந்தாள் என்றும் ஒளிவின்றிச் சொல்கிறது. அவளைப் புத்தி கெட்டவள் என்று ஒரு சொல்லால் கடிந்தும் விடுகிறது. அதன்பின் அவள் இந்திரனிடம் பேசுகிறாள்: மனம் நிறைந்தது, விரைந்து போய்விடு, உன்னையும் என்னையும் காப்பாற்று என்ற பொருளில் இரண்டே வரிகள். பால காண்டம் முழுவதிலும் அகலிகை பேசும் பேச்சு அவ்வளவுதான். சாபம் வரும்போதும் அவள் பேசவில்லை, சாபம் நீங்கும்போதும் பேசவில்லை.

அந்தச் சாபம் கல்லாகும் சாபமும் அன்று. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, பல்லாயிரம் ஆண்டுகள் அந்த ஆசிரமத்திலேயே தவித்திருக்க வேண்டும் என்பதுதான் கௌதமரின் சொல். ராமன் வந்ததும் அவள் கண்ணுக்குப் புலப்படுகிறாள். அப்போது ராமனும் இலக்குவனும் குனிந்து அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்கள். ராமனின் கால் அவள்மீது படும் கதையைக் கேட்டே வளர்ந்த எனக்கு, முதன்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் உண்மை கிடைத்துவிட்டதா? அதே வால்மீகியின் பெயரில் வழங்கும் உத்தர காண்டத்தைத் திறந்தால், இந்திரனிடம் பிரமன் இந்தக் கதையை மறுபடியும் சொல்லும் இடம் வருகிறது. நாம் வழக்கமாகக் காணும் அச்சுப் பதிப்புகளில், அங்கே அகலிகை தன் கணவனிடம் பேசுகிறாள்: உம்முடைய உருவத்தில் வந்தவனால் அறியாமல் கெடுக்கப்பட்டேன், விருப்பத்தால் நேர்ந்ததன்று, என்மீது அருள் செய்யுங்கள் என்று இறைஞ்சுகிறாள். உத்தர காண்டம் பிற்காலச் சேர்க்கை என்று கருதும் அறிஞர்கள் பலர். பால காண்டத்தின் பெரும்பகுதியையும் அவர்களே அப்படித்தான் கருதுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, என் அம்மாவின் ‘பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்ற வாக்கியம் எந்தத் தமிழ்க் கவிஞனும் நாணத்தால் இட்டுக்கட்டியதன்று. அது வடமொழிக் காப்பியத்துக்குள்ளேயே, அகலிகையின் வாயிலேயே இருக்கிறது.

இன்னும் பின்னே போனால் கதையே இல்லை. வேள்விச் சடங்குகளை விவரிக்கும் சதபத பிராமணம் என்ற வேத நூலில், இந்திரனை அழைக்கும் பெயர்களுள் ஒன்றாக ‘அகலிகையின் காதலன்’ என்ற விளி மட்டும் இருக்கிறது. அவள் அறிந்தாளா, கணவன் யார், சாபம் என்ன என்று ஒன்றும் அங்கே விரித்துரைக்கப்படவில்லை. மூலம் என்று நாம் தேடிச் செல்லும் இடத்தில் நமக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஓர் உறவும்தான்.

‘இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் உண்மை இதுதான்’ என்று அறிவிப்பதும் நம் காலத்தில் தோன்றிய பழக்கமில்லை. கிட்டத்தட்ட ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவரும், வேதச் சடங்குகளுக்குப் பொருள் காணும் மீமாம்சையில் அறிஞருமான குமாரில பட்டர், தம் தந்திரவார்த்திகம் என்ற நூலில் இந்தக் கதைக்கு விளக்கம் தருகிறார். இந்திரன் என்பது சூரியன். அகலிகை என்பது பகலில் மறைந்துபோகும் இரவு. காதலனைக் குறிக்கும் சொல்லுக்குத் தேய்ப்பவன் என்றும் பொருள் கொள்ளலாமாதலால், சூரியன் இரவைத் தேய்த்து அழிப்பதைத்தான் கதை சொல்கிறது, இதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை என்பது அவர் முடிவு. தேவர்களின் தலைவனைப் பழியிலிருந்து விடுவிப்பதே அவர் நோக்கம். அகலிகையைக் கலப்பை படாத நிலம் என்று விளக்கியவர்களும் பிற்காலத்தில் உண்டு. கூர்மையான சொல்லாராய்ச்சிகள்தாம். ஆனால் அவற்றைப் படித்து முடிக்கும்போது சாம்பலில் கிடந்த ஒரு பெண் காணாமல் போயிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

தமிழில் அவள் கல்லானது எப்போது? இந்தக் கேள்விக்காகப் பரிபாடலை எடுத்தேன். எடுத்தபின் வைக்க மனம் வரவில்லை. நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து நடக்கிறார்கள். அறியாதவர் கேட்க, அறிந்தவர் சுட்டிக் காட்டிச் சொல்கிறார். இவன் காமன், இவள் இரதி என்று சொல்லிக்கொண்டே வந்து, இந்திரன் இந்தப் பூனை, இவள் அகலிகை, இவன் வெளியே சென்றிருந்த கௌதமன், அவன் சினந்ததால் இவள் கல்லுருவான விதம் இது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். ‘இந்திரன் பூசை, இவள் அகலிகை’ என்பது பாடலின் சொல். பூசை என்றால் பூனை. தப்பி ஓட இந்திரன் எடுத்த உருவம் அது.

வால்மீகியில் பூனையும் இல்லை, கல்லும் இல்லை. கம்பனிலோ இரண்டும் உண்டு. பரிபாடலோ கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. அப்படியென்றால் கம்பன் உட்கார்ந்து எழுதும் முன்பே, திருப்பரங்குன்றத்துச் சுவர் முன் நின்று மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு, கல்லான அகலிகை இங்கே பழகிய கதையாக இருந்திருக்கிறாள். ஒரு பெண்ணின் வாயை அடைக்க ஒரு கவிஞன் தீட்டிய சதித்திட்டம் என்று சொல்ல இங்கே இடமே இல்லை. இந்த ஒரு பாடலுக்காகவாவது அந்தப் பேச்சாளர் ஒரு மாலை செலவிட்டிருக்கலாமே என்று ஆற்றாமையோடு நினைத்துக்கொண்டேன்.

கம்பன் மறைத்தான் என்ற குற்றச்சாட்டுதான் என்னை மிகவும் வருத்தியது. ஏனென்றால் அது எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடியது. அகலிகைப் படலத்தை ஒருமுறை படித்தவர் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்ல முடியாது. அவளும் இந்திரனும் கூடியிருந்த நிலையைப் பாடும் கம்பன், ‘உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், தக்கது அன்று என்ன ஓராள், தாழ்ந்தனள் இருப்ப’ என்கிறான். தொடக்கத்தில் அவள் அறியவில்லை, இடையில் அறிந்தாள், அறிந்த பின்னும் விலகவில்லை. வால்மீகியின் ‘முன்பே அறிந்தாள்’ என்பதற்கும் உத்தர காண்டத்தின் ‘அறியவே இல்லை’ என்பதற்கும் இடையே, ‘உணர்ந்தனள்; உணர்ந்த பின்னும்’ என்ற அந்த ஒரு கணத்தில் அவன் கதையைக் கொண்டு நிறுத்துகிறான். எதையாவது மறைக்க விரும்பியவன் எழுதும் வரியா இது?

சாபம் விழும்போது கம்பனின் அகலிகை பேசுகிறாள். பிழையைப் பொறுப்பது பெரியவர்களின் கடன், இதற்கு ஒரு முடிவு அருளுங்கள் என்று கேட்கிறாள். அதன்பின், அவள் எழுந்து நின்றதும், கௌதமனிடம் விசுவாமித்திரன் சொல்லும் சொல் வருகிறது: ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக.’ உணர்ந்த பின்னும் விலகாதவள் எப்படி நெஞ்சினால் பிழைக்காதவள் ஆவாள்? கம்பன் கழக மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டுவருகிறார்கள். முரண்பாடு என்பவர்கள் உண்டு. சொல்பவன் விசுவாமித்திரன்தானே, கவிஞன் இல்லையே என்பவர்கள் உண்டு. கம்பன் இரண்டு வரிகளையும் ஒரே படலத்தில் தெரிந்தே வைத்திருக்கிறான் என்பது என் எண்ணம். செயலைப் பற்றி ஒரு தீர்ப்பும் நெஞ்சைப் பற்றி வேறொரு தீர்ப்பும் ஒரே மனிதரைக் குறித்து உண்மையாக இருக்க முடியும் என்று நம்பியவன் எழுதியது அது.

தான் செய்யும் மாற்றங்களைக் கம்பன் பறைசாற்றவில்லை என்பதும் உண்மைதான். தேவபாடையான வடமொழியில் இந்தக் கதையைச் செய்த மூவருள் முந்தியவரின் உரைப்படியே தமிழ்ப் பாவில் சொல்கிறேன் என்றுதான் பாயிரத்தில் பாடுகிறான். வால்மீகியின் வழி நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு வழியிலும் நடந்திருக்கிறான். இது நேர்மையா என்று என் மகளே பின்னர் கேட்டாள். ‘எனக்கு முன்னால் சொன்னவர் பெரியவர், நான் அவரிடம் கடன்பட்டவன்’ என்று தொடங்குபவனும், ‘எனக்கு முன்னால் சொன்ன எல்லோரும் உன்னை ஏமாற்றினார்கள்’ என்று தொடங்குபவனும் ஒரே தவற்றைச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை என்றேன். அவள் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை.

மறைக்கப்பட்ட உண்மையை வெளிப்படுத்துவதாகச் சொல்லும் மறுகூறல்கள் எதையெல்லாம் தேவையாகக் கொண்டிருக்கின்றன என்று இந்த வாரத்தில் யோசித்தேன். மறைத்தவன் ஒருவன் வேண்டும். அவன் மறைப்பதற்கு முன்பு, சிதையாத ஒரே ஒரு மூலக்கதை இருந்திருக்க வேண்டும். மகாபாரதத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மயன் கட்டிய சபையில் துரியோதனன் தடுக்கி விழுந்தபோது திரௌபதி சிரித்தாள், குருடன் மகனும் குருடன்தான் என்றாள், போர் அங்கேதான் தொடங்கியது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதையே போரின் உண்மையான காரணம் என்று வெளிப்படுத்தும் பேச்சுகளும் உண்டு. பூனாவில் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த, பல சுவடிகளை ஒப்பிட்டு உருவாக்கிய செம்பதிப்பில் அந்தக் குருடன் பேச்சே இல்லை. நிகழ்ச்சியைக் கதைசொல்லி கூறும் இடத்தில் சிரிப்பவர்கள் பணியாட்களும் பீமனும் அவன் தம்பியரும்தாம். திரௌபதி அங்கே குறிப்பிடப்படவே இல்லை. பின்னர் துரியோதனன் தன் தந்தையிடம் புலம்பும்போதுதான், திரௌபதி பெண்களோடு சேர்ந்து சிரித்தாள், கிருஷ்ணனும் சிரித்தான் என்கிறான். கிருஷ்ணனோ அதற்கு முன்பே துவாரகைக்குப் புறப்பட்டுப் போய்விட்டான் என்று காப்பியத்தின் அதே பகுதி சொல்லியிருக்கிறது. அவமானப்பட்டவனின் நினைவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், ஊரில் இல்லாதவனும்கூட. அந்தக் காப்பியத்திலேயே ஒரே சம்பவத்துக்கு இரண்டு கூற்றுகள் இருக்கின்றன, அவை பொருந்தாமல் இருப்பதில்தான் துரியோதனனின் மனம் தெரிகிறது. ஒன்றை உண்மையென்று முத்திரை குத்தினால் அந்த மனம் நம் கைக்கு வராமல் போய்விடும்.

மறுகூறலே கூடாது என்பது என் எண்ணமில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அகலிகையை வைத்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் என்னை மிகவும் அசைத்தது, 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. அதற்கு அவர் எழுதிய முன்குறிப்பில், ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம் என்றும், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். இதுதான் உண்மையில் நடந்தது என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. பழைய கதை முடிந்த இடத்தில் அவர் கதை தொடங்குகிறது. சாபம் நீங்கிய பிறகு அந்த இருவரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள்? கல்லாகக் கிடந்த பெண்ணும் புற்று மூடிக் கிடந்த கணவனும் மறுபடி ஒரு குடிசையில் பேசிப் பழகுவது எப்படி? யார் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறு பொருள் இருக்குமோ என்று அகலிகை நடுங்குகிறாள். ஆற்றங்கரையில் பெண்கள் அவளைச் சுட்டிப் பேசி விலகிப் போகிறார்கள். கௌதமர் மனம் திருந்தி, தர்மத்தைப் பற்றிப் புதிதாகச் சிந்திக்கிறார்; ஆனாலும் அந்தக் குடிசையில் அமைதி குடிகொள்ளவில்லை.

பிறகு வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தான் தீக்குளித்ததை அவளிடம் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று அகலிகை துடித்துப் போகிறாள். தன்னை மன்னித்தவன் மனைவியைச் சோதித்திருக்கிறான். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள் சீதை. உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா, உண்மையை உலகுக்கு நிரூபிக்க முடியுமா என்று கேட்கிறாள் அகலிகை. முடிவில், தன்னை நெருங்கும் கௌதமரே கௌதம வேடத்தில் வந்த இந்திரனாக அவள் கண்ணுக்குப் பட, அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

அந்தக் கதை என் கல்லூரி நாட்களில் எனக்குக் கிடைத்தது. அதைப் படித்ததனால் அம்மா சொன்ன கதை எனக்குப் பொய்யாகவில்லை. மாறாக, அம்மாவின் குரல் ஏன் அந்த இடத்தில் தாழ்ந்தது என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. புதுமைப்பித்தனுக்கு வால்மீகியும் தேவைப்பட்டார், கம்பனும் தேவைப்பட்டான். ராமன் மன்னித்ததை நம்பி மகிழாத வாசகரால் சீதையின் தீயைக் கேட்டு அகலிகையோடு சேர்ந்து திடுக்கிட முடியாது. பழைய கதைமீதுள்ள அன்பையே விறகாகக் கொண்டு எரியும் கதை அது. ஒலிப்பதிவில் இருந்ததோ அந்த அன்பை ஏமாளித்தனம் என்று கேட்பவருக்கு உணர்த்தும் முயற்சி. மறைக்கப்பட்டதை அறிந்த சிலரில் நீயும் ஒருவர் என்ற நிறைவைத் தந்துவிட்டு, அதற்கு விலையாக உன் தாய் ஏமாந்தவள் அல்லது ஏமாற்றியவள் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. இந்த விலையைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை.

மகளிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டினேன். வால்மீகியின் இரண்டு இடங்களையும், கம்பனின் பாடல்களையும், பரிபாடலையும் அவளுக்குப் புரியும் அளவில் படித்தோம். பூனை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த ஓவியம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, அதைப் பார்த்தவர்கள் பேசிக்கொண்டது மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது என்றேன். பாட்டி சொன்னது பொய்யா என்ற கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. “பாட்டிக்கு யார் சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள். அம்மாவுக்கு அவருடைய அத்தை சொல்லியிருக்கிறார். அத்தைக்கு யார் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

சித்திக்கும் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். உத்தர காண்டத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும், “அக்கா சொன்னது அங்கே இருக்குதா?” என்று ஒருமுறை இடைமறித்துக் கேட்டுக்கொண்டார். முடித்ததும் சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

“நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. ஆனா அந்தப் பேச்சுல ஒரு இடத்துல, அவளை ஒருத்தருமே உட்காரவச்சு என்னடி நடந்துச்சுன்னு கேக்கலையேன்னு சொன்னார் பாரு. அதுக்காகத்தான் உனக்கு அனுப்பினேன்” என்றார் சித்தி.